பேரனைக் கூப்பிடும் மல்யுத்த அணி: பட்டியல், பணம், படிப்பு மூன்றையும் எப்படிப் பார்ப்பது?

கோட்டையூர் அண்ணன் ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இது. மக வயித்துப் பேரன் பென்சில்வேனியாவில் பள்ளிக் கடைசி வருஷம் படிக்கிறான். மல்யுத்தத்தில் கெட்டிக்காரன், 149 பவுண்டுக்காரன். இரண்டு பல்கலைக்கழகங்கள் கூப்பிடுகின்றன. ஒன்று டிவியில் வருகிற பெரிய அணி, சொந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம். "முதல் வருஷம் பணம் கிடையாது, வந்து சேர், அப்புறம் பார்ப்போம்" என்கிறது. இன்னொன்று சின்னத் தனியார் பல்கலைக்கழகம். பாதிச் செலவைத் தருவதாகச் சொல்கிறது. பையனுக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் ஆசை. குறைகிற பணத்தை, பழைய வீட்டில் தன் பங்கைக் கொடுத்தாவது போட அண்ணன் தயாராக இருக்கிறார். எதைப் பார்த்து முடிவு பண்ணுவது என்பதுதான் கேள்வி.

அண்ணே, முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன். ஒரு அணியை அதன் சாம்பியன்களை வைத்து எடை போடாதீர்கள். சாம்பியனுக்கு எங்கே போனாலும் குறை இருக்காது. பணம் வரும், தனிப் பயிற்சி வரும், பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் வரும். பட்டியலின் வால்பக்கம் இருப்பவனைப் பாருங்கள். தன் எடையில் மூன்றாவது, நாலாவது ஆளாக இருந்துகொண்டு, ஒரு பெரிய போட்டியில்கூட இறங்காதவன். அவன் மூன்றாவது வருஷமும் அங்கே இருந்தானா, அவன் செலவை யார் கொடுத்தார்கள், டிகிரி வாங்கினானா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் தருகிற அணிதான் நல்ல அணி. உங்கள் பேரன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் முதல் இரண்டு வருஷம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கப் போகிறான்.

நான் அங்கே ஒரு பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் கணக்குப் பார்த்தவன், இப்போது தேவகோட்டையில் இருக்கிறேன். கோதாவில் நடப்பதைவிடப் பேரேட்டில் நடப்பதுதான் எனக்கு அதிகம் பழக்கம். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நம் பக்கத்தில் அழகப்பா பல்கலைக்கழகத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அமெரிக்க முறை முதலில் புரியாது. இங்கே கல்லூரிகளுக்கிடையே போட்டி வைத்து, ஜெயித்தவர்களைப் பல்கலைக்கழக அணியாக எடுத்து, ஒரு முகாம் நடத்தி, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்கு ரயில் ஏற்றிவிடுவார்கள். அணி என்பது சில வாரங்களுக்குக் கூடிப் பிரிகிற ஒன்று. செலவும் முகாம் சாப்பாடு, ரயில் டிக்கெட், டிராக் சூட் என்று ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அங்கே அணி என்பது வருஷம் முழுக்க நடக்கிற ஒரு நிறுவனம். முழுநேரக் கோச், துணைக் கோச்சுகள், மருத்துவ உதவியாளர், படிப்பு ஆலோசகர், சொந்தப் பயிற்சிக் கூடம், தனி பட்ஜெட் எல்லாம் உண்டு. அயோவாவில் 2015 நவம்பரில் அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தில் ஒரு கல்லூரி மல்யுத்தப் போட்டி நடத்தினார்கள், 42,287 பேர் வந்தார்கள். சிறாவயல் மஞ்சுவிரட்டுக்குக் கூட்டம் சேர்வதில் நமக்கு ஆச்சரியம் இல்லை. கல்லூரிப் பையன்கள் குஸ்தி போடுவதைப் பார்க்க இத்தனை பேர் டிக்கெட் எடுத்து வருவார்கள் என்பதை நம்பத்தான் நேரம் பிடிக்கிறது.

சரி, பட்டியலுக்கு வருவோம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விளையாட்டு இணையதளத்தில் அணிப் பட்டியலைப் போடும். பெயர், எடை, எத்தனையாவது வருஷம், சொந்த ஊர், படித்த பள்ளி, பல இடங்களில் எடுத்திருக்கும் பாடமும் இருக்கும். பழைய வருஷப் பட்டியல்களும் அங்கேயே கிடக்கும். கடைசி நாலைந்து வருஷத்தை உங்கள் மருமகன் அச்செடுத்து வரிசையாக மேசையில் பரப்பட்டும். கல்லூரி மல்யுத்தத்தில் 10 எடைகள்: 125, 133, 141, 149, 157, 165, 174, 184, 197, 285 பவுண்டு. ஒரு எடைக்கு ஒருவன்தான் அணிக்காக இறங்குவான். ஆக 30 பேர் இருக்கிற அணியில் 20 பேர் ஓரத்தில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்கள். ஆள் பிடிக்க வீட்டுக்கு வந்து காபி குடிக்கிற கோச் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

149-ஐ மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 17 வயசுப் பையன் இன்னும் வளர்வான். இன்றைக்கு 149 என்பவன், அதாவது ஏறக்குறைய 68 கிலோ, இரண்டு வருஷத்தில் 157-லோ 165-லோ நிற்பது சாதாரணம். அதனால் 141 முதல் 165 வரை நாலு எடையையும் பாருங்கள். அதில் இருக்கிறவர்கள் எந்த வருஷம் முடிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, நாலு வருஷத்துக்கு முன் முதல் வருஷமாக வந்தவர்கள் பெயர்களையெல்லாம் வட்டமிடுங்கள். அதே பெயர்களை மூன்றாம் வருஷப் பட்டியலில் தேடுங்கள். 10 பேர் வந்து 7 பேர் இருந்தால் நல்ல வீடு. 3 பேர்தான் இருக்கிறார்கள் என்றால், மற்ற 7 பேர் எங்கே போனார்கள் என்று கோச்சிடம் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பெண் கொடுக்கிற வீட்டை விசாரிக்காமலா இருக்கிறோம்?

அதே பட்டியலில் 'ரெட்ஷர்ட்' என்று ஒரு குறிப்பு இருக்கும். ஒரு மாணவனுக்கு ஐந்து வருஷ அவகாசத்தில் நாலு சீசன் ஆட அனுமதி என்பது விதி. முதல் வருஷத்தைப் போட்டிக் கணக்கில் சேர்க்காமல், பயிற்சிக்கும் உடம்பு தேற்றவும் விட்டுவிடுவார்கள். மல்யுத்தத்தில் இது வழக்கம், நல்லதும்கூட. ஆனால் தாத்தாவின் பணப்பைக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது: படிப்பு நாலு வருஷத்தில் முடியாமல் ஐந்துக்குப் போகலாம். ஐந்தாவது வருஷத்துக்கு உதவித்தொகை உண்டா என்று இப்போதே கேட்டு வைக்க வேண்டும். நான் பார்த்த குடும்பங்களில் பலருக்கு இந்தக் கேள்வியே தோன்றியதில்லை.

இப்போது புதிதாக வந்திருக்கும் சிக்கல் இரண்டு. ஒன்று, இடம் மாறுவது. முன்பெல்லாம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு இரண்டாவது முறை மாறினால் பெரும்பாலும் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். 2024 ஏப்ரலுக்குப் பிறகு, மார்க் ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம். அதனால் "149 உனக்குத்தான்" என்று கோச் இன்றைக்குச் சொன்னாலும், அடுத்த வசந்தத்தில் வேறு எங்கிருந்தோ 22 வயசுத் தேர்ந்த வீரன் ஒருவன் அதே எடையில் வந்து இறங்கலாம். கோச் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. விதி அப்படி ஆகிவிட்டது.

இரண்டாவதுதான் உங்கள் பெரிய அணிக்கு நேராகப் பொருந்துகிறது. 2025 ஜூனில் அங்கே ஒரு நீதிமன்றம், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய பெரிய சமரச ஒப்பந்தம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் சேர்ந்துகொண்ட பல்கலைக்கழகங்களில் மல்யுத்த அணிக்கு 30 பேர் என்று வரம்பு வந்துவிட்டது. அதற்கு முன் பல அணிகள் 35, 40 பேரை வைத்திருந்தன. உதவித்தொகை இல்லாமல் ஆர்வத்தில் வந்து சேர்கிறவர்களை 'வாக் ஆன்' என்பார்கள். அணியின் கூட்டமே அவர்களால்தான். வரம்பு வந்தால் முதலில் வெட்டுப்படுகிறவர்களும் அவர்கள்தான். "வந்து சேர், அப்புறம் பார்ப்போம்" என்பது 2020-இல் ஒரு அர்த்தம், இன்றைக்கு வேறு அர்த்தம். "30-க்குள் என் பேரனுக்கு இடம் உண்டா, இரண்டாம் வருஷமும் உண்டா" என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லில் விட வேண்டாம்.

எடை குறைப்பு பற்றி ஆச்சி கவலைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். கவலை நியாயம்தான். 1997 நவம்பர், டிசம்பரில் மூன்று வேறு கல்லூரிகளில் மூன்று மாணவர்கள் எடையைக் குறைக்க முயன்று செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு விதிகள் தலைகீழாக மாறின. ரப்பர் உடை, வியர்வை அறை, நீர் பிரிக்கும் மாத்திரை எல்லாவற்றுக்கும் தடை. சீசன் தொடக்கத்தில் உடம்பில் தண்ணீர் அளவு, கொழுப்பு அளவு பார்த்து, இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று எடை நிர்ணயிப்பார்கள். வாரத்துக்கு இவ்வளவுதான் குறைக்கலாம் என்றும் உண்டு. ஆனாலும் டிசம்பரில் பரீட்சையும் எடைப் பட்டினியும் ஒன்றாக வரும். அணிக்கு என்று உணவு ஆலோசகர் இருக்கிறாரா, அவரை மாணவன் நேராகப் பார்க்க முடியுமா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு போதும்.

இனிப் பணம். இதில்தான் நம் ஊர் ஆட்கள் கெட்டிக்காரர்கள் என்று பெயர், இதிலேயே ஏமாறுவதும் அதிகம்.

அங்கே கல்லூரிகளை விளையாட்டுக்காக மூன்று பிரிவாக வைத்திருக்கிறார்கள், பெரிய அணிகள் முதல் பிரிவு. முதல் பிரிவு மல்யுத்தத்தில் 2024-25 வரை ஒரு அணிக்கு மொத்தம் 9.9 முழு உதவித்தொகைதான். அதைக் கோச் துண்டு துண்டாக வெட்டி 20, 25 பேருக்குக் கொடுப்பார். ஒருவனுக்கு முக்கால், ஒருவனுக்குக் கால், ஒருவனுக்குப் புத்தகச் செலவு மட்டும். சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு இப்போது அந்த எண்ணிக்கை வரம்பு இல்லை. 30 பேருக்கும் முழுசாகக் கொடுக்கச் சட்டம் தடுக்காது. சேராதவர்களுக்குப் பழைய 9.9 தொடர்கிறது. இரண்டாம் பிரிவில் 9. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. பிரின்ஸ்டன், கார்னெல் போன்ற, 'ஐவி லீக்' என்கிற பழைய தனியார் பல்கலைக்கழகங்களிலும் கிடையாது. அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. சட்டம் தடுக்காது என்றேனே, அதற்காகப் பணம் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். சமரசப்படி ஒரு பல்கலைக்கழகம் 2025-26-இல் தன் வீரர்களுக்கு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகப் பங்கு தரலாம். அந்தப் பணத்தில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. மல்யுத்தம் சாப்பாட்டுப் பந்தியில் கடைசி வரிசை.

பாதிச் செலவு என்ற வார்த்தையில் மயங்காதீர்கள். எதில் பாதி என்று கேளுங்கள். ஒரு பேச்சுக்கு, தனியாரில் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 80,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பாதி போனால் கையிலிருந்து 40,000. சொந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் மொத்தமே 36,000 என்றால், ஒரு காசு உதவி இல்லாமலே அது மலிவு. பாதி தருகிறவன் தாராளமாகவும், ஒன்றும் தராதவன் கஞ்சனாகவும் தெரிவது இந்தக் கணக்கைப் போடாதவரைக்கும்தான். உண்மையான எண்களை இரண்டு இடத்திலும் நிதி உதவி அலுவலகத்தில் வாங்கி, ஐந்து வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

மார்க்குக்காகத் தருகிற உதவி என்று தனியாக ஒன்று உண்டு. அது கோச்சின் பங்கில் கை வைக்காது. அதனால் நன்றாகப் படிக்கிற பையனைக் கோச்சுகள் விரும்புவார்கள், தங்கள் பணத்தை வேறு ஒருவனுக்குக் கொடுக்கலாமே என்று. இன்ஜினியரிங்குக்குப் போகிற அளவு மார்க் இருக்கிறது என்றால், மல்யுத்தப் பணத்தைவிட மார்க் பணம்தான் உங்களுக்கு நிலையானது. தோள் இறங்கினாலும் அது நிற்காது, மார்க்கைக் காப்பாற்றினால் போதும்.

விளையாட்டு உதவித்தொகை பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான். ஒவ்வொரு வருஷமும் ஜூலை 1-க்குள் புதுப்பிக்கிறார்களா இல்லையா என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குறைத்தாலோ நிறுத்தினாலோ மாணவன் மேல்முறையீடு செய்யலாம். பல வருஷத்துக்குச் சேர்த்து ஒப்பந்தம் போடவும் விதி இடம் கொடுக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும். முன்பு கையெழுத்து வாங்கிய தேசியச் சம்மதக் கடிதம் என்ற முறையை 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். இப்போது பல்கலைக்கழகம் தருகிற நிதி உதவி ஒப்பந்தம்தான் ஆவணம். அதில் இல்லாதது இல்லாததே. இன்னொன்று: பையன் அமெரிக்கக் குடிமகனா, கிரீன் கார்டா, விசாவா என்று நீங்கள் எழுதவில்லை. மாணவர் விசாவில் இருந்தால் விளம்பர வருமானம் போன்றவற்றில் கை வைக்கக்கூடாது. முதலில் வக்கீலைக் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பங்கு விஷயம். பங்காளிகள் எத்தனை பேர், யார் யார் கையெழுத்து வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அவசரத்தில் விற்றால் பாதி விலைதான். மேலே சொன்ன கணக்கைப் போட்டு, ஐந்து வருஷத்துக்கும் ஒரு எண் கையில் வராமல் அந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

பேரன் செலவை மட்டும் பார்த்தால் போதாது. அணியே ஐந்து வருஷம் உயிரோடு இருக்குமா என்றும் பார்க்க வேண்டும். இது மிகையான பயம் இல்லை. முதல் பிரிவில் இன்று மல்யுத்தம் உள்ள பல்கலைக்கழகங்கள் 80-க்கும் குறைவு. ஒரு காலத்தில் இதைப்போல் இரு மடங்குக்கு நெருக்கமாக இருந்தன. போய்ஸி ஸ்டேட் 2017-இல் நிறுத்தியது. ஓல்ட் டொமினியன் 2020-இல் நிறுத்தியது. பெண்களுக்குச் சம வாய்ப்பு கேட்கும் 1972-ஆம் வருஷத்து 'டைட்டில் நைன்' சட்டம்தான் காரணம் என்று மல்யுத்தக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். கணக்கு எழுதினவன் என்ற முறையில் சொல்கிறேன், நூறு பேருக்கு மேல் ஆளையும் மலையளவு பணத்தையும் விழுங்கும் ஃபுட்பாலைத் தொட மனமில்லாமல் சின்ன விளையாட்டுகளை வெட்டியதில்தான் பாதிப் பழி. இப்போது அதே பெண்கள் மல்யுத்தம்தான் இந்த விளையாட்டுக்குப் புது ரத்தம் பாய்ச்சுகிறது. 2025 ஜனவரியில் தேசியச் சாம்பியன் பட்டம் உள்ள விளையாட்டாக அதை ஏற்றார்கள், முதல் போட்டி 2026-இல். பேத்தி யாராவது இருந்தால் யோசியுங்கள்.

ஸ்டான்ஃபோர்டு கதையைச் சொல்லாமல் விட முடியாது. 2020 ஜூலையில், கையில் பணம் குவிந்து கிடக்கிற அந்தப் பல்கலைக்கழகம் மல்யுத்தம் உட்பட 11 விளையாட்டுகளை அடுத்த சீசனோடு நிறுத்துவதாக அறிவித்தது. 2021 மார்ச்சில் அவர்கள் வீரர் ஷேன் கிரிஃபித், பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லாத வெறும் கறுப்பு உடையில் இறங்கி 165 பவுண்டில் தேசியச் சாம்பியன் ஆனார். பழைய மாணவர்கள் பணம் திரட்டினார்கள், வழக்குப் போட்டார்கள். மே மாதம் பல்கலைக்கழகம் முடிவைத் திரும்பப் பெற்றது. பணக்காரப் பல்கலைக்கழகம் என்பதால் அணி பத்திரம் என்று நினைக்கக்கூடாது, அணிக்கென்று ஒதுக்கிய பணம் இருக்கிறதா என்பதே கேள்வி.

இதை எங்கே பார்ப்பது? 1994-இல் வந்த ஒரு சட்டப்படி, மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டத்தில் இருந்துகொண்டு மாணவர் விளையாட்டு நடத்துகிற இருபாலர் கல்லூரி ஒவ்வொன்றும் விளையாட்டு வாரியாக வரவு, செலவு, ஆள் எண்ணிக்கையை வருஷா வருஷம் மத்தியக் கல்வித் துறைக்குத் தர வேண்டும். அந்தத் துறையின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உட்கார்ந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்: பல இடங்களில் மல்யுத்தத்தின் வரவும் செலவும் கடைசி டாலர்வரை ஒரே எண். டிக்கெட் விற்றா அப்படிச் சரியாக வந்தது? இல்லை. குறைகிற பணத்தைப் பல்கலைக்கழகம் பொது நிதியிலிருந்தோ மாணவர் கட்டணத்திலிருந்தோ போட்டு, அதையும் 'வரவு' என்று எழுதிவிடுகிறது. ஆகவே வரவைப் பார்த்துப் பயனில்லை. செலவை மட்டும் நாலைந்து வருஷத்துக்கு வரிசையாகப் பாருங்கள். ஏறிக்கொண்டே வந்தால் நிர்வாகத்துக்கு அணிமேல் நம்பிக்கை. விலைவாசி ஏறியும் எண் அசையாமல் நின்றால் சத்தமில்லாமல் பட்டினி போடுகிறார்கள் என்று அர்த்தம். புகழ்பெற்ற அணிகளைச் சுற்றித் தனி அறக்கட்டளையாக ஒலிம்பிக் பயிற்சி மையங்கள் இருக்கும். அதன் பணம் இந்தக் கணக்கில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி: தலைமைக் கோச் பதவிக்கோ உதவித்தொகைக்கோ யாராவது நிரந்தர நிதி எழுதி வைத்திருக்கிறார்களா? நம் நகரத்தார் கோயில்களில் விளக்குக்கும் பூசைக்கும் எழுதி வைத்த கட்டளை மாதிரிதான் இது. முதலைத் தொடாமல் வட்டியில் நடக்கும். எழுதி வைத்தவரின் பேரன் காலத்திலும் நிற்கும். கார்னெலில் மல்யுத்தத் தலைமைக் கோச் பதவியே ஒரு பழைய மாணவர் பெயரில் இப்படி நிதியிட்டு வைத்த பதவி. இப்படி ஒன்று இருக்கிற சின்ன அணி, இல்லாத பெரிய அணியைவிடப் பாதுகாப்பு. மாறாக, "ஒரு நல்ல மனிதர் வருஷா வருஷம் தருகிறார்" என்று பதில் வந்தால், அவர் வயசைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் படிப்பு. இங்கே எண்கள் நிறைய இருக்கின்றன, அதனால்தான் எச்சரிக்கை தேவை.

பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு ஒவ்வொரு அணிக்கும் ஏ.பி.ஆர். என்று ஒரு மதிப்பெண் போடும். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு மாணவனுக்கு இரண்டு புள்ளி: தேர்ச்சி விதியைக் காப்பாற்றினால் ஒன்று, அங்கேயே தொடர்ந்து படித்தால் ஒன்று. மொத்தத்தை 1000-க்கு மாற்றி நாலு வருஷச் சராசரி எடுப்பார்கள். 930-க்குக் கீழே போனால் சீசன் முடிவுச் சாம்பியன் போட்டிகளுக்குத் தடை வரலாம். 2011-இல் தேசியச் சாம்பியனான கனெக்டிகட் ஆண்கள் கூடைப்பந்து அணியையே 2013-இல் இதனால் வீட்டில் உட்கார வைத்தார்கள். மல்யுத்தம் போன்ற சின்ன அணியில் இந்த எண் சட்டென்று ஆடும். 12 பேர் கணக்கில் இருந்தால் வருஷத்துக்கு 48 புள்ளி. மூன்று புள்ளி போனால் 938, நாலு போனால் 917. ஆகவே ஒரு வருஷத்து எண்ணைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம், துவளவும் வேண்டாம்.

இன்னொரு எண் ஜி.எஸ்.ஆர்., ஆறு வருஷத்துக்குள் டிகிரி முடித்தவர்களின் விகிதம். நல்ல மார்க்கோடு வேறிடம் போனவர்களைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள், வேறிடத்திலிருந்து வந்தவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். அதனால் மத்திய அரசு போடும் விகிதத்தைவிட இது பெரும்பாலும் உயரமாகத் தெரியும்.

விஷயம் இனிமேல்தான். உதவித்தொகை தருகிற அணிகளில் இந்த இரண்டு கணக்கும் உதவித்தொகை வாங்குகிறவர்களை வைத்துத்தான். காசு வாங்காமல் வந்து சேர்ந்தவன் பாஸ் ஆனாலும் கணக்கில்லை, பாதியில் நின்றாலும் கணக்கில்லை. நான் முதலில் சொன்ன அந்த வால்பக்கத்து ஆள் ஏ.பி.ஆர்.-இலும் இல்லை, ஜி.எஸ்.ஆர்.-இலும் இல்லை. பெரிய அணி 990 என்று பெருமையாகக் காட்டலாம், உண்மையாகவும் இருக்கலாம். உங்கள் பேரன் காசில்லாமல் அங்கே போனால் அந்த 990 அவனைப் பற்றியது அல்ல. 'அணியின் சராசரி ஜி.பி.ஏ.' என்று வருகிற விளம்பரத்துக்கும் இதே கேள்விதான்: யார் யாரைச் சேர்த்து?

அதனால் படிப்பு ஆலோசகரிடம் எண்ணைக் கேட்காமல் ஆளைக் கேளுங்கள். இப்போது அணியில் இன்ஜினியரிங் படிக்கிறவர்கள் யார், கடந்த சில வருஷத்தில் இன்ஜினியரிங் தொடங்கி இன்ஜினியரிங்கிலேயே முடித்தவர்கள் எத்தனை பேர்? நடுவில் பாடம் மாற்றிக்கொண்டவர்கள் ஏன் மாற்றினார்கள்? இரண்டாம் வருஷ முடிவில் டிகிரியில் 40 சதம், மூன்றாம் வருஷம் 60, நாலாம் வருஷம் 80 சதம் முடித்திருக்க வேண்டும் என்று ஆட்டத் தகுதி விதி இருக்கிறது. ஃபிசிக்ஸ், மேத்ஸ் வரிசையில் ஒரு பாடம் தவறினால் இன்ஜினியரிங்கில் ஒரு வருஷமே பின்தங்கும், 40-ஐத் தொட முடியாது. அப்போது எளிதான வேறு பாடத்துக்கு நகர்த்திவிடுவார்கள். பையன் ஆடிக்கொண்டிருப்பான், ஏ.பி.ஆர். அழகாக இருக்கும், மெக்கானிக்கல் கனவு மட்டும் காணாமல் போயிருக்கும்.

நேரக் கணக்கும் அப்படித்தான். சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பது விதி. பயண நேரம் அதில் சேராது. போட்டி நாள் முழுக்க அங்கே கிடந்தாலும் மூன்று மணி நேரம் என்றுதான் எழுதுவார்கள். நவம்பரில் தொடங்கி மார்ச்வரை சீசன், இரண்டு பருவத்தையும் தின்னும். பிற்பகல் ஆய்வுக்கூட வகுப்பும் பயிற்சியும் மோதினால் எது விட்டுக்கொடுக்கும் என்று கோச்சிடம் கேட்டு, அணியில் இருக்கும் ஒரு இன்ஜினியரிங் பையனிடம் தனியாகவும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் நல்லது. பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போகிற அன்று கோச் ஒரு நட்சத்திர வீரனைத்தான் துணைக்கு அனுப்புவார். "உதவித்தொகை இல்லாத ஒருவரோடு சாப்பிடலாமா" என்று பேரனே கேட்கட்டும். நீங்களோ மருமகனோ கேட்டால் உபசாரப் பதில்தான் வரும்.

ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடுவானா என்று ஓரமாக ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இந்திய பாஸ்போர்ட் இருந்தால்தான் முடியும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டை போதாது. தவிர, கல்லூரியில் ஆடுவது அவர்கள் நாட்டு முறை, எதிராளியை மேலிருந்து அடக்கி வைக்கிற நேரத்துக்கே புள்ளி உண்டு. ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைல் வேறு. அதைத் தனியாகப் பழக வேண்டும்.

நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் சின்ன அணிப் பக்கம்தான் சாய்வேன். காரணம் பாதிப் பணம் அல்ல. காசு கொடுத்து எடுக்கிற பையனுக்கு அணியில் இடம் கூடுதல் உறுதி, அவன் படிப்புக்கு அணி பதில் சொல்லியாக வேண்டும், அவன் நின்றுபோனால் அவர்கள் மதிப்பெண் குறையும். மூன்று விஷயம் இதை மாற்றும். ஐந்து வருஷக் கணக்கில் அரசுப் பல்கலைக்கழகம் பெரிய வித்தியாசத்தில் மலிவாக இருந்தால், அல்லது அவர்கள் 30-க்குள் இடத்தை எழுத்தில் தந்தால், அல்லது சின்னதில் மெக்கானிக்கல் துறையே இல்லை என்றால், பெரியதுக்கே அனுப்புங்கள். கடைசியில் சொன்னதை முதலில் பாருங்கள். பல சின்னத் தனியார் கல்லூரிகளில் இன்ஜினியரிங் இருக்காது, கோச் அதைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார்.